எழுத்துக்கு எண் கொடுப்போர் யார்?

மக்கள் கூடி வாழும் இடந்தோறும் பொதுவான அளவுகள் தோன்றிவிடுகின்றன. நெல்லை அளக்க மரக்கால், பொன்னை நிறுக்கக் குன்றிமணி, நிலத்தை அளக்கக் கோல் என நம் முன்னோர் வகுத்துக்கொண்ட அளவைகள் பலவாகும். கடைக்கு ஒரு மரக்கால் என்னும் நிலை வருமாயின் சந்தை அன்றே கலைந்துபோகும். இவ்வுண்மையை எங்கள் வட்டாரத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் 'நாற்பதாம் நம்பர் நூல்' என்று கேட்டால், எந்த ஆலையிற் கேட்டாலும் ஒரே பருமனுள்ள நூலே கிடைக்கும். 840 கெச நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்குமாயின் அது நாற்பதாம் நம்பர். இந்தக் கணக்கு ஆலை முதலாளிக்கும் தெரியும். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கின்றவருக்கும் தெரியும். ஆலைதோறும் தனித்தனிக் கணக்கு இருக்குமாயின், ஓர் ஆலையில் நூல் வாங்கத் தொடங்கியவர் ஆயுள் முழுவதும் அவ்வாலைக்கே அடிமைப்பட்டுக் கிடக்க நேரும்.

நூலுக்கு அமைந்த இப்பொது அளவு தமிழ் எழுத்துக்கு நெடுநாள் அமையாதிருந்தது. கணிப்பொறியிற் புகுந்த தமிழ் எழுத்து, கடைக்கு ஒரு மரக்கால் என்னும் நிலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அல்லற்பட்டது. அதற்குப் பொது அளவு வகுத்த அவையிலோ தமிழாசிரியர்கள் தொடக்கத்தில் இடம்பெறவில்லை. கணிப்பொறி நிறுவனங்களே பெரும்பான்மையாக வீற்றிருந்தன. இது எங்ஙனம் நேர்ந்தது, இனி நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டப்பட்ட ஆய்வேடு

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற இசைவு வேண்டுகிறேன். எங்கள் ஊர் திருவண்ணாமலை. அருணாசலம் எனப் புகழ்பெற்ற வடதிசைத் தலத்தை நான் குறிப்பிடவில்லை. திருவில்லிபுத்தூருக்கு அண்மையில், சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட குன்றின் அடியில் உள்ள சிற்றூர் எங்களுடையது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் பேருந்துகள் நிரம்பி வழியும் ஊர். 2003-ஆம் ஆண்டில், சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அமைந்த உவமைகளைப் பற்றிய என் எம்.ஃபில். ஆய்வேட்டை எழுதி முடித்தேன். கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு திருவில்லிபுத்தூருக்கு நாள்தோறும் சென்று, அங்கிருந்த கணிப்பொறித் தட்டச்சு நிலையம் ஒன்றில் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் பிழை திருத்தி அச்சிட்டு வாங்கினேன். ஆய்வேட்டின் கோப்பை ஒரு குறுந்தகட்டிற் பதித்துத் தந்தார்கள். அத்தகட்டைப் பீரோவினுள் நகைப்பெட்டியின் அருகே என் துணைவியார் பத்திரப்படுத்தி வைத்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆய்வேட்டை நூலாக்க விரும்பித் தகட்டைத் திறந்தபோது, தமிழே அங்கு இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வரிவரியாக நின்றன. அந்நிலையத்தார் பயன்படுத்திய எழுத்துரு ஒரு நிறுவனத்தின் தனியுடைமை. கணிப்பொறியின் பின்புறம் செருகப்பெறும் சிறு பூட்டு ஒன்று இருந்தால் மட்டுமே அது இயங்கும். நிலையம் மூடப்பட்டுவிட்டது; பூட்டு போன இடம் தெரியவில்லை. நான் எழுதிய தமிழை நானே படிக்க இயலாத நிலையில், பிறர் கையிலிருந்த திறவுகோலை எண்ணி அமர்ந்திருந்தேன்.

இத்தகைய அனுபவம் எனக்கு மட்டும் உரியதன்று. இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுள் பலருடைய பெட்டிகளிலும் இப்படிப்பட்ட தகடு ஒன்றேனும் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எழுத்தும் எண்ணும்

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். நாம் 'அ' என்று விசையைத் தட்டும்போது அது ஓர் எண்ணைப் பதிவு செய்கிறது. படிக்கும்போது அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் பட்டியலையே குறிமுறை என்கிறோம். எழுதியவரும் படிப்பவரும் ஒரே பட்டியலைக் கையாண்டால்தான் எழுத்து எழுத்தாகத் தோன்றும். பட்டியல் மாறினால் என் ஆய்வேட்டின் கதியே நேரும்.

தொடக்ககாலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுட் பாதி ஆங்கிலத்திற்கும் அதனைச் சார்ந்த குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துக்களையும் அடக்கல் இயலாது. ஆகவே கால், கொம்பு, சுழி எனத் துண்டுதுண்டாகப் பிரித்து வைத்தார்கள். எத்துண்டை எவ்விடத்தில் வைப்பது என்பதற்குப் பொதுவிதி இன்மையால், எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்தார். 1990-களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் நாளிதழ்களைப் படிக்க முனைந்தோர், இதழுக்கு ஓர் எழுத்துருவைத் தனித்தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்ததை நினைவுகூர்வர். ஓர் இதழின் செய்தியை மற்றோர் எழுத்துருவிற் படிக்க முடியாது.

இக்குழப்பத்திற்கு முடிவுகாணத் தமிழறிந்த பொறியாளர்கள் முயலாமல் இல்லை. சிங்கப்பூர்த் தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தமிழுக்கு முதலிற் கணிப்பொறி வழி கண்டோராவர். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு 'தமிழ்99' விசைப்பலகையையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறிமுறைகளையும் தரமாக அறிவித்தது. அதே வேளையில் அயல்நாட்டுத் தமிழர் பலர் தம்முட் கலந்துரையாடி உருவாக்கிய 'திஸ்கி' என்னும் குறிமுறை இணையத்தில் வழங்கி வந்தது. நடுவணரசின் 'இஸ்கி' மற்றொருபுறம் இருந்தது. தனியார் எழுத்துருக்களோ எண்ணிலடங்கா. பொது அளவு வேண்டும் என்று எழுந்த முயற்சியே பல அளவுகளை ஈன்றது என்பது வருந்தத்தக்க உண்மையாகும்.

ஒருங்குறியின் வரவு

இதற்கிடையே உலகின் எல்லா மொழி எழுத்துக்களுக்கும் ஒரே பட்டியல் என்னும் நோக்கத்துடன் 1991-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யூனிகோடு கூட்டமைப்பு பதிவு பெற்றது. அதன் பட்டியலையே ஒருங்குறி என்கிறோம். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் அதனைத் தோற்றுவித்தோருள் அடங்கும். கட்டணம் செலுத்தி உறுப்பினராவோர்க்கே அங்கு வாக்குரிமை உண்டு. முழு வாக்குரிமையுடைய உறுப்பினருட் பெரும்பான்மையோர் கணிப்பொறி நிறுவனத்தார் ஆவர். பின்னாளில் நடுவணரசும் தமிழ்நாட்டரசும் அதில் உறுப்பினராயின.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் இன்று 72 இடங்கள் நிரம்பியுள்ளன. 'க' என்னும் எழுத்துக்கு 2965 என்பது எண். உலகின் எந்த மூலையில், எந்நிறுவனத்தின் கருவியில் திறந்தாலும் 2965 என்பது 'க' ஒன்றையே குறிக்கும். இது பெரும்பேறு. ஆனால் இப்பட்டியலைச் சற்று உற்று நோக்கும் இலக்கண ஆசிரியருக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

'க'வுக்கு 2965, அடுத்த 'ங'வுக்கு 2969. இடையில் மூன்று இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வடமொழிக் ககர வரிசையில் உள்ள மற்ற மூன்று எழுத்துக்களுக்குரிய இடங்கள் அவை. தமிழுக்கு அவை இல்லாமையால் இருக்கைகள் மட்டும் எஞ்சின. 'ன'கரம் தன் இறுதி இடத்தை இழந்து 'ந'கரத்தின் அருகில் நிறுத்தப்பட்டது. 'ற'கரம் 'ர'கரத்தை அடுத்து வைக்கப்பட்டது. ஆகவே எண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் தமிழ் அகர முதலி கிடைக்காது. அதற்கெனத் தனி விதி எழுத வேண்டும்.

இதனினும் ஆழமான முரண் மெய்யெழுத்தில் உள்ளது. தொல்காப்பியர் வகுத்த முதலெழுத்து முப்பதில் பதினெட்டும் மெய்கள். 'க்' என்னும் மெய்யோடு 'அ' என்னும் உயிர் சேரப் பிறப்பது 'க'. ஒருங்குறியிலோ 'க' முதற்பொருள். அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறியைச் சேர்த்தால்தான் 'க்' பிறக்கும். 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. ஒருங்குறிக்கு எண் ஐந்து: 2980, 2990, 3007, 2996, 3021. குழந்தைக்கு நாம் கற்பிக்கும் எழுத்தெண்ணிக்கை வேறு. கருவி எண்ணும் எண்ணிக்கை வேறு. கைப்பேசியிற் குறுஞ்செய்தி அனுப்பியோர் இதன் விலையையும் உணர்ந்திருப்பர். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம்பெறும். தமிழிலோ 70 குறிகளே இடம்பெறும். அந்த எழுபதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் கொடுக்க வேண்டும்.

இக்குறைக்கு நிறுவனங்களை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. ஒருங்குறியார் இந்திய மொழிகளுக்கு அடிப்படையாகக் கொண்டது நடுவணரசு 1988-இல் வகுத்திருந்த இஸ்கி தரத்தையே. இந்திய எழுத்துக்கள் யாவும் ஒரே சட்டத்துள் அடங்க வேண்டும் என்று தேவநாகரி வரிசையை ஒட்டி அமைக்கப்பட்டது அது. நிறுவனத்தார் நம் அரசின் பட்டியலை எடுத்துக்கொண்டனர். நாமோ அப்பட்டியல் உருவானபோது உறங்கியிருந்தோம். தமிழுலகம் மாநாடு கூட்டிப் பேசத் தொடங்கிய ஆண்டு 1997. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியான ஆண்டோ 1991. ஒருமுறை ஓர் எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அதனை மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது ஒருங்குறியாரின் உறுதியான கொள்கை. இக்கொள்கை இல்லையேல் நேற்று எழுதியதை இன்று படிக்க முடியாது என்பதால் அது தேவையானதே. ஆயினும் நாம் காலந்தாழ்ந்து சென்றமையால் கதவு அடைபட்டிருந்தது.

நிகழ்படத் துறை தரும் பாடம்

தரம் வகுக்கும் இடத்தில் நிறுவனங்கள் எங்ஙனம் நடந்துகொள்கின்றன என்பதை மற்றொரு துறையைக் கொண்டும் அறியலாம். நம் வீடுகள் பலவற்றில் திருமண நிகழ்ச்சியைப் பதிந்த பழைய வீடியோ நாடாக்கள் உள்ளன. 1975-இல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்னும் நாடாவையும், 1976-இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் நாடாவையும் வெளியிட்டன. ஒன்றன் நாடா மற்றொன்றன் கருவியில் ஓடாது. போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. வென்றதும் நிலைக்கவில்லை. அக்கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்தியது. நிக்காஹ் பந்தலில் அமர்ந்திருந்த முன்னோர் பலருடைய முகங்கள் இன்று ஓட்டுங்கருவி இல்லாத நாடாக்களில் அடைபட்டுள்ளன.

இணையத்தில் ஓடும் நிகழ்படத்திற்கும் இதே வழக்கு நேர்ந்தது. நிகழ்படத்தை அப்படியே அனுப்பினால் கோப்பு மிகப் பெரிதாகும். ஆதலால் அதனைச் சுருக்கி அனுப்புவர். சுருக்கிய முறை எதுவோ அதனை அறிந்த கருவியே விரித்துக் காட்ட வல்லது. 2003-இல் உலகத் தர அமைப்புகள் வெளியிட்ட எச்.264 என்னும் முறை பெரிதும் பரவியது. ஆயின் அதிலுள்ள நுட்பங்களுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை பெற்றிருந்தன. கருவியோ மென்பொருளோ செய்வோர் அவர்களுக்கு உரிமத்தொகை செலுத்த வேண்டும். அதற்கு மாற்றாக எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க தியோரா என்னும் முறையைத் தன்னார்வலர் அமைப்பொன்று உருவாக்கியது. இணையப் பக்கங்களுக்கான புதிய தரத்தின் வரைவில் அதன் பெயர் பரிந்துரையாக இடம்பெற்றிருந்தது. நோக்கியா, ஆப்பிள் முதலிய நிறுவனங்கள் மறுப்புத் தெரிவித்தன. அறியப்படாத காப்புரிமை வழக்குகள் பின்னர் எழக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. 2007 டிசம்பரில் அப்பரிந்துரை வரைவிலிருந்து நீக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2010-இல் கூகுள் நிறுவனம் தான் விலைக்கு வாங்கிய மற்றொரு முறையைக் கட்டணமின்றி வெளியிட்டது. அதன்பின் சில திங்களுக்குள், இணையத்தில் இலவசமாகக் காட்டப்படும் நிகழ்படங்களுக்கு இனி என்றும் உரிமத்தொகை வாங்குவதில்லை என்று எச்.264 உரிமத்தார் அறிவித்தனர். 2015-இல் பெருநிறுவனங்கள் பல ஒன்றுகூடி ஏ.வி.1 என்னும் கட்டணமற்ற முறையை வகுக்கத் தொடங்கின. 2018-இல் அது வெளிவந்தது. தன்னார்வலர் கேட்டபோது கிட்டாதது, பெருநிறுவனங்களுக்கே உரிமத்தொகை சுமையான பிறகு கிட்டியது.

இதனை ஒப்பிட்டு நோக்கினால், ஒருங்குறி விஷயத்தில் நாம் நற்பேறு பெற்றவர்கள் என்றே கூற வேண்டும். தமிழ் எழுத்தைப் பயன்படுத்துவதற்கு எவருக்கும் நாம் உரிமத்தொகை செலுத்துவதில்லை. பட்டியல் வெளிப்படையானது. எவர் வேண்டுமாயினும் அவ்வமைப்புக்கு முன்மொழிவு அனுப்பலாம். ஆயினும் வாக்கு நிறுவனங்களிடமே பெரிதும் உள்ளது என்பதை மறத்தல் கூடாது.

2010-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை

அதே 2010-ஆம் ஆண்டு தமிழ் எழுத்து வரலாற்றிலும் குறிக்கத்தக்கதாயிற்று. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற சூன் திங்களில், தமிழ்நாட்டரசு ஒருங்குறியை அலுவல் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறி இயங்காத இடங்களில், டேஸ்-16 எனப்படும் அனைத்தெழுத்துக் குறிமுறையை மாற்றாகக் கொள்ளலாம் என்றும் அறிவித்தது. உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் அம்முறை நம் இலக்கணத்தோடு பொருந்துவது. அதனையே உலகத் தரமாக்க வேண்டும் என்ற வேண்டுகோளை ஒருங்குறியார் ஏற்கவில்லை. ஆதலின் அது, யாரும் தம் விருப்பப்படி கையாளலாம் என ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே நிற்கிறது.

அவ்வாண்டின் இறுதியில் மற்றொரு சிக்கல் எழுந்தது. கிரந்த எழுத்துக்கள் 26-ஐத் தமிழோடு இணைக்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவும், கிரந்தத்திற்கெனத் தனிப்பகுதி அமைத்து அதனுள் எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழ் எழுத்துக்களுக்கு நிகரான ஐந்தைச் சேர்க்க வேண்டும் என்று மற்றொரு முன்மொழிவும் ஒருங்குறியாரிடம் சென்றிருந்தன. செய்தி பரவியதும் தமிழறிஞர்கள் திரண்டனர். அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி நடுவணரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 2014-இல் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனிப்பகுதியாக வெளிவந்தபோது அவ்வைந்து எழுத்துக்களும் அதில் இல்லை. அவற்றுக்குரிய இருக்கைகள் வெறுமையாகவே விடப்பட்டன.

கிரந்தம் சேரலாமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் இங்குச் சுட்ட விரும்புவது வேறு. நிறுவனத்தார் நிறைந்த அவையாயினும், இலக்கண ஆதாரத்துடன் உரியவர் உரிய காலத்திற் பேசினால் செவிமடுக்கிறது. 1988-இலும் 1991-இலும் நாம் அங்ஙனம் பேசியிருந்தால் மெய்யெழுத்தின் நிலையே வேறாக இருந்திருக்கலாம். நிறுவனத்தின் செல்வாக்கு என்று நாம் குறைகூறுவதிற் பாதி, நாம் வெறுமையாக விட்ட இருக்கையின் விளைவு.

நன்னியின் நூல்

பெரியோர்கள் சிலர், 'இலக்கணத்திற்கு மாறான ஒருங்குறியை ஏற்கலாமா?' என்று வினவுகின்றனர். மாணவச் செல்வங்களோ, 'கைப்பேசியில் தமிழ் தெரிகிறது. இனி இதைப்பற்றிக் கவலை எதற்கு?' என்கின்றனர். இரு சாராருக்கும் விடையாக எங்கள் வீட்டு அலமாரியிலுள்ள ஒரு நூலைக் காட்டுவேன்.

நன்னி என்று நாங்கள் அழைத்த என் பாட்டியார் ஓதிவந்த அரபுத்தமிழ் நூல் அது. தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதுவதே அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களின்மேற் புதிய புள்ளிகளை இட்டு நம் முன்னோர் எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். 1898-இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி' முதலிய நூல்கள் அவ்வெழுத்தில் வழங்கியவை. தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ இல்லங்களில் பெண்கள் சமயக் கல்வி பெற்றது அவ்வெழுத்தின் வாயிலாகவே. நன்னி அந்நூலைத் தடையின்றி வாசிப்பார். என் தந்தையார் எழுத்துக்கூட்டி வாசிப்பார். எனக்கு அரபு எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும். ஆயினும் அந்நூலின் பல சொற்களில் தடுமாறி நிற்கிறேன். கூடுதலாக இட்ட புள்ளிகள் எவ்வொலியைக் குறிக்கின்றன என்னும் பட்டியலை எவரும் எனக்குக் கையளிக்கவில்லை. மூன்று தலைமுறைக்குள் ஒரு நூல் நம் கையிலிருந்தும் நம்மை விட்டு நீங்கிவிட்டது.

நன்னியின் நூலுக்கும் என் ஆய்வேட்டுத் தகட்டுக்கும் நேர்ந்தது ஒன்றே. எழுத்து அழியவில்லை, திறவுகோல் தொலைந்தது. ஆகவே, முழுநிறைவான குறிமுறை ஒன்று சிலரிடம் மட்டும் இருப்பதைவிட, குறையுடையதாயினும் எல்லாரிடமும் உள்ள ஒருங்குறியே மேல் என்பது என் துணிபு. அதன் குறையை அறிந்தே அதனை ஏற்க வேண்டும். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கும் அத்திட்டத்தார், பழைய குறிமுறைகளில் இருந்த தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வழங்கினர். ஆதலால் அவர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

நாம் செய்யத்தக்கவை

மாணவருக்கும் நான் கூற வேண்டுவது ஒன்றுண்டு. கைப்பேசியிற் சிக்கல் தீர்ந்தது உண்மையே. அச்சுத்துறையில் இன்னும் தீரவில்லை. நமக்கு அண்மையிலுள்ள சிவகாசி உள்ளிட்ட அச்சு நகரங்களில் பல்லாண்டுகள் பேஜ்மேக்கர் மென்பொருள் கோலோச்சியது. அதன் கடைசிப் பெரும்பதிப்பு 2001-இல் வந்தது. ஒருங்குறித் தமிழ் அதற்குத் தெரியாது. அதில் பழகியோர் பழைய எழுத்துருக்களையே இன்றும் விடாமல் கையாள்கின்றனர். ஆகவே நூலும் மலரும் அழகாக அச்சாகி வருகின்றன. அவற்றின் கோப்புகளோ பூட்டிய பெட்டிகளாக எஞ்சுகின்றன.

என் தகடு திறந்த வரலாற்றையும் கூறிவிடுகிறேன். இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் என் வருத்தத்தைக் கேட்டு, "சார், அச்சடிச்ச படி ஒண்ணு இருக்குதா?" என்று வினவினார். இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறிமாற்றிகள் எதிலும் அந்த எழுத்துரு அடங்கவில்லை. எனவே அச்சுப் பக்கத்தையும் திரையிற் குழம்பிய பக்கத்தையும் அருகருகே வைத்து, எக்குறிக்கு எவ்வெழுத்து என்று ஒரு பட்டியலை அவரே ஆக்கினார். கல்வெட்டுப் படிப்போர் செய்வது போன்ற பணி அது. மூன்று வாரங்களில் என் ஆய்வேடு மீண்டது. 'ஞ்', 'ங்' வரும் இடங்களிற் சில இன்றும் பிழையாக உள்ளன; அவற்றைக் கையாலேயே திருத்தி வருகிறேன். கணிப்பொறி அறிவு மட்டும் இருந்திருந்தால் அவரால் அதனைச் செய்திருக்க இயலாது. எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்னும் மெய்ம்மயக்க விதியை அவர் வகுப்பில் பயின்றிருந்தமையால், ஐயத்துக்கிடமான குறிகளை எளிதில் உய்த்துணர்ந்தார்.

இதிலிருந்து நான் கற்றவற்றை வேண்டுகோள்களாகத் துறையின்முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் துறையில் இதுகாறும் வெளிவந்த மலர்கள், கருத்தரங்கக் கோவைகள், ஆய்வேடுகள் ஆகியவற்றின் கோப்புகளைத் தேடித் திரட்டி ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அச்சுப் படிகளும் கோப்புகளும் ஒருங்கே நம்மிடம் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கும் எழுத்துருக்களும், பிறர் ஆக்கிய குறிமாற்றிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, முதலாண்டு மாணவர் அனைவருக்கும் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிக்க வேண்டும். உயிருக்கும் மெய்க்கும் இடம் வகுத்து, விசைகள் சேர உயிர்மெய் பிறக்குமாறு அமைந்தது அது. ஆங்கில ஒலிகளைத் தட்டித் தமிழைப் பெறும் வழக்கத்தினும் இது நம் எழுத்திலக்கணத்தை நாள்தோறும் விரல்களுக்குப் பயிற்றும்.

மூன்றாவது, எழுத்ததிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் குறிமுறையையும் தம் பாடத்தின் பகுதியாகக் கருத வேண்டும். தமிழ் தொடர்பாக ஒருங்குறியாரிடம் செல்லும் முன்மொழிவுகள் யாவும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து, ஆதாரத்துடன் கருத்துரைக்கும் குழு ஒவ்வொரு தமிழ்த்துறையிலும் அமைதல் நன்று. 2019-இல் தமிழின் பழைய பின்ன எண்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் ஒருங்குறியிற் சேர்ந்தன. முந்திரி, மாகாணி, மரக்கால் என்பனவற்றை அறிந்தோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் அறிவு அவைக்குப் பயன்பட வேண்டாவா?

இறுதியாக, இம்மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். இக்கட்டுரையை நான் ஒருங்குறியிலேயே தட்டச்சிட்டுத் தந்துள்ளேன். அச்சகத்தார் தம் வசதிக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்ற விரும்பக்கூடும். அங்ஙனம் மாற்றினும், மலர் முழுவதன் ஒருங்குறிக் கோப்பு ஒன்றைத் துறை நூலகத்திற்குக் கேட்டு வாங்கி வைக்க வேண்டுகிறேன். இதில் எழுதியுள்ள மாணவர்கள் என் அகவையை எய்தி, தம் முதற் கவிதையைத் தேடி இங்கு வரும் நாளில், அதனைத் திறப்பதற்கு அவர்கள் எவருடைய பூட்டையும் நாடும் நிலை வரலாகாது.